மாரி பிறந்தால் இறால் கிளம்பும்: யாழ்ப்பாணக் கடல்நீரேரியின் மூன்று மாத விளைச்சல்

ரொறன்ரோவில் உள்ள உறவினர்கள் ஒவ்வொரு புரட்டாதி, ஐப்பசியிலும் அனுப்பும் காணொளிகளில் ஒன்று தவறாமல் இருக்கும். ஹம்பர் ஆற்றின் சிறிய அணையொன்றில் பெரிய பெரிய சமன் மீன்கள் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு மேலே பாய்கின்றன. கரையில் சனம் நின்று பார்க்கிறது. குளிர் தொடங்கி, மழை பெய்து, ஆறு பெருகும்போது ஒன்ராறியோ ஏரியை விட்டு முட்டையிடுவதற்காக ஆற்றில் ஏறுகின்ற மீன்கள் அவை. எங்கள் ஊரில் தகரத்தில் அடைத்து வந்த மீன் எதுவானாலும் அதற்கு 'சமன் ரின்' என்றுதான் பெயர். நிவாரணப் பொதிகளில் அதைக் கண்டவர்கள் அதிகம். உயிருள்ள சமனைப் பலர் முதன்முதலாகக் கண்டது புலம்பெயர்ந்த பிறகுதான்.

அதே வாரங்களில் யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் ஒரு பயணம் நடக்கிறது. திசை மட்டும் எதிர். சமன் மழையைக் கண்டு உள்ளே ஏறுகிறது. எங்கள் இறால் மழையைக் கண்டு வெளியே இறங்குகிறது. இருட்டில், கலங்கல் நீரில், முழங்கால் ஆழத்தில் நடக்கிற பயணம் என்பதால் அதை யாரும் காணொளி எடுப்பதில்லை. ஆனால் குருநகர், பாசையூர், கொழும்புத்துறை, நாவாந்துறை, காக்கைதீவு, அராலி, நாவற்குழி, தனங்கிளப்பு, கச்சாய், கிளாலி என்று கடல்நீரேரியைச் சுற்றியுள்ள கரைகளில் ஓர் ஆண்டின் கடன் அடைவதும் அடையாமல் போவதும் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி ஆகிய இந்த மூன்று மாதங்களில்தான் முடிவாகிறது.

குடாநாட்டில் ஆறு கிடையாது. தொண்டைமானாறு என்று பெயர் இருக்கிறது, உப்பாறு என்று பெயர் இருக்கிறது. இரண்டுமே கடல்நீரேரிகள்தான். தொண்டைமானாற்றைக் கருணாகரத் தொண்டைமான் உப்பு ஏற்றும் மரக்கலங்களுக்காக வெட்டி ஆழப்படுத்தினான் என்பது மரபுக் கதை. (பரீட்சை எழுதிய தலைமுறைகளுக்கோ தொண்டைமானாறு என்றால் வெளிக்கள நிலையத்தின் வினாத்தாள்கள்தான் முதலில் ஞாபகம் வரும்.) ஆறு என்று ஓரளவுக்காவது சொல்லத்தக்கது வழுக்கையாறு. அதுவும் மாரியில் மட்டும் ஓடி அராலியில் கடல்நீரேரியோடு கலக்கிறது. எனவே குடாநாட்டின் மழைநீர் முழுவதும் ஒன்றில் நிலத்துக்குள் இறங்கி எங்கள் கிணறுகளுக்குப் போகிறது, அல்லது வழிந்து இந்த நீரேரிகளுக்குள் வருகிறது. யாழ்ப்பாணத்து ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசிக்கும் மார்கழிக்கும் இடையில் கொட்டித் தீர்ந்துவிடும். மிச்சக் காலம் முழுவதும் வெயிலும் காற்றும்தான்.

இந்த ஒரு காரணத்தால் கடல்நீரேரி ஆண்டுக்கு இருமுறை வேறுவேறு ஆளாக மாறுகிறது. சோளகம் வீசும் மாதங்களில் அது வற்றிச் சுருங்கும். ஒரு லீற்றர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கும். ஆவணி, புரட்டாதியில் நீரேரியின் உள்மூலைகளில் இருக்கும் நீர் கடலைவிட உப்புக் கூடியது. ஆனையிறவில் உப்பு விளைந்ததும் இதனால்தான். பிறகு மாரி வருகிறது. சில நாட்களில் நீர் ஏறி, உப்புச் செறிவு சரியத் தொடங்குகிறது. செம்மண் கலங்கல் வருகிறது. வெளியூர்ப் பறவைகள் மண்டைதீவுப் பக்கமும் அராலிப் பக்கமும் வந்து இறங்குகின்றன. அடியில் இருக்கும் இறாலுக்கும் செய்தி போய்ச் சேர்கிறது.

இறாலின் வாழ்க்கையைச் சற்று விளக்க வேண்டும். மற்ற விடயங்கள் எல்லாம் அதிலிருந்துதான் பிறக்கின்றன. நீரேரியில் நாங்கள் பிடிக்கும் வெள்ளை இறாலோ புலி இறாலோ நீரேரியில் பிறந்தது அல்ல. தாய் இறால் வெளிக்கடலில், பாக்கு நீரிணையின் அடியில், இலட்சக்கணக்கில் முட்டை விடுகிறது. ஒரு நாளுக்குள் முட்டை பொரிக்கிறது. கண்ணுக்குத் தெரியாத குஞ்சு பல உருமாற்றங்களைத் தாண்டி, இரண்டு மூன்று வாரங்களில் ஒரு சென்ரிமீற்றருக்கும் குறைவான கண்ணாடித் துரும்பு போன்ற இறால் குஞ்சாகிறது. பெருக்கு நீரோடு சேர்ந்து நீரேரிக்குள் நுழைகிறது. உள்ளே சாதாளைப் படுக்கைகளும் கண்டல் வேர்களும் அதற்கு ஒளிப்பிடமும் உணவும் தருகின்றன. மூன்று நான்கு மாதத்தில் விரல் நீளத்துக்கு வளர்ந்துவிடும். பிறகு முட்டையிடும் பருவத்துக்காக மீண்டும் ஆழக்கடலுக்குப் போக வேண்டும். மொத்த ஆயுளே ஓர் ஆண்டு, கூடிப்போனால் இரண்டு ஆண்டு.

வளர்ந்த இறால் மழை இல்லாவிட்டாலும் ஒருநாள் போகத்தான் செய்யும். ஆனால் மழை இல்லாத காலத்தில் அது இங்கொன்றும் அங்கொன்றுமாகப் போகும். உப்பு குறைவதும், நீர் கலங்குவதும், வெளிநோக்கிய ஓட்டம் பலப்படுவதும் ஒன்றாகச் சேரும்போது எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்புகிறது. அதுதான் 'இறால் நடக்கிறது' என்ற காலம். ஆகவே நல்ல மாரி என்பது வெறுமனே அதிக மழை அல்ல. மழை மிக முந்தினால் இறால் வளரும் முன்பே வெளியே தள்ளப்படும். வலையில் எண்ணிக்கை இருக்கும், நிறை இருக்காது, விலையும் இருக்காது. ஒரே நாளில் பேய்மழை கொட்டினால் எல்லாமே அடித்துக்கொண்டு போய்விடும். வலையும் தடியும் சேர்ந்து போகும். 2008 கார்த்திகையில் நிஷா புயல் குடாநாட்டை வெள்ளத்தில் மூழ்கடித்த நாட்களை நினைத்துப் பார்த்தால் போதும். தொழிலுக்கு வேண்டியது விட்டுவிட்டுப் பெய்து, நீரேரியைப் படிப்படியாக இனிப்பாக்குகின்ற மழை.

அந்த மழை வந்த பிறகும் எல்லா இரவும் ஒன்று போல இருப்பதில்லை. இறால் பகலில் சேற்றில் புதைந்து கிடக்கும், இரவில் எழுந்து நீந்தும். நிலவு வெளிச்சத்தில் தயங்கும். எனவே அமாவாசையை ஒட்டிய இருட்டு நாட்கள்தான் பொன்னான நாட்கள். அப்போது வற்றும் பெருக்கும் பலமாக இருப்பது இன்னொரு வசதி. எங்கள் கடலில் நீர்மட்டம் ஏறி இறங்குவது ஓரடி, இரண்டடிதான். ஆனால் மேசை போன்ற தட்டையான, பெரும்பாலும் இடுப்பளவு ஆழமே உள்ள நீரேரியில் இரண்டடி என்பது பெரிய விடயம். வற்று தொடங்கியதும் ஒடுக்கமான வாய்க்கால்களில் ஓட்டம் பிடிக்கும். இறால் அந்த ஓட்டத்தில் ஏறிக்கொள்ளும்.

சிறகுவலை இந்த அறிவின் மேல் கட்டிய பொறி. வலையைக் கொண்டு மீனைத் துரத்துவது அல்ல, மீன் போகும் வழியில் காத்திருப்பது. கரையிலிருந்து ஆழத்தை நோக்கித் தடிகளை வரிசையாக நட்டு, அதில் வலையைச் சிறகு போல விரித்துக் கட்டுவார்கள். கரையோரமாக வருகிற இறாலும் மீனும் சிறகில் தட்டி, ஆழத்தை நோக்கித் திரும்பி, கடைசியில் உள்ள அறைக்குள் போய்விடும். உள்ளே போன வழி திரும்பக் கிடைக்காது. விடியும் முன் வள்ளத்தில் போய் அறையை அள்ளி வருவார்கள். தடி எங்கே நிற்கிறது என்பதுதான் முழுத் தொழிலும். ஓட்டம் எங்கே வளைகிறது, எந்த இடத்தில் சாதாளை முடிந்து மணல் தொடங்குகிறது என்பது தலைமுறை தலைமுறையாகக் கைமாறிய கணக்கு. அதனால்தான் பாட்டுக்கு உரிமை உண்டு. இன்னாருடைய பாடு இது என்பது ஊருக்குத் தெரியும், சங்கத்துக்குத் தெரியும். அந்தப் பாட்டில் இன்னொருவர் தடி நட்டால் சண்டை வரும்.

சிறகுவலை இல்லாதவர்கள் வீச்சுவலையோடு பண்ணைப் பாலத்திலும் தொண்டைமானாற்றுப் பாலத்திலும் நிற்பார்கள். விடுவலை போடுபவர்கள் நண்டையும் திரளியையும் ஓராவையும் பார்ப்பார்கள். மழைக்கு நண்டும் இடம் பெயரும். ஆனால் நண்டுக்கு வேறு கணக்கு, அது தனிக் கட்டுரைக்கு உரியது.

வாடை பலக்கும்போது இன்னொரு மாற்றமும் நடக்கிறது. வடக்குக் கரையான மயிலிட்டி, பலாலி, வல்வெட்டித்துறை, பருத்தித்துறைக் கடல் கொந்தளிக்கத் தொடங்கும். சிறு படகுகள் கரையேறிவிடும். சோளகத்தில் தொழில் செய்யும் கரை வேறு, வாடையில் தொழில் செய்யும் கரை வேறு. பருவத்தோடு வாடி பெயர்ந்து போவது எங்கள் கடற்றொழிலின் பழைய வழக்கம். செங்கை ஆழியான் 'வாடைக்காற்று' நாவலை நெடுந்தீவில் வைத்து எழுதியதும் அப்படிப் பருவத்துக்கு வந்து போகிறவர்களைப் பற்றித்தான். வெளிக்கடல் மூடுகிற மாதத்தில் கடல்நீரேரி திறக்கிறது. ஒரு கதவு சாத்தும்போது மறு கதவு திறப்பதால்தான் குடாநாட்டில் மீன் இல்லாத மாதம் என்று ஒன்று இருக்கவில்லை.

போர் அந்த இரண்டு கதவுகளையும் சாத்தியது. 1990 ஜூனில் மயிலிட்டி மக்கள் இடம்பெயர்ந்தார்கள். துறைமுகம் விடுவிக்கப்பட்டது 2017 ஜூலையில். நீரேரியின் கதை இன்னும் கொடியது. ஆனையிறவுப் பாதையும் பூநகரிப் பாதையும் அடைபட்ட பிறகு, 1990களின் முதற்பாதியில் குடாநாட்டு மக்களுக்கு வெளியுலகத்துக்கான வீதியாக இருந்தது கிளாலிக் கடல்தான். இறால் நடக்கிற அதே இருட்டில், அதே தாழ்ந்த நீரில், வள்ளங்களில் மனிதர் போனார்கள். 1993 ஜனவரி 2 அன்று அந்தப் பயணத்தில் சுடப்பட்டு இறந்தவர்களின் குடும்பங்கள் இதை வாசிப்பவர்களிலும் இருப்பார்கள். 1995 ஒக்ரோபர் 30 அன்று வலிகாமம் எழுந்து நடந்ததும் ஐப்பசி மழையில்தான். தென்மராட்சிக்குப் போய், பின்னர் கிளாலியால் கடந்து வன்னிக்குப் போனவர்களுக்குக் கடல்நீரேரியின் மாரி எப்படி இருக்கும் என்று யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

1996இல் குடாநாடு படையினரின் கட்டுப்பாட்டுக்குள் வந்ததன் பின் தொழிலுக்குப் பாஸ் வந்தது, நேரம் வந்தது, தூரம் வந்தது. இரவுத் தொழில் பல காலம் தடை. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது ஒரு பாதுகாப்புக் கட்டுப்பாடாகத் தோன்றலாம். இறாலின் பழக்கம் தெரிந்தவருக்கு அது வேறு மாதிரிப் புரியும். இரவில் மட்டும் நடக்கிற ஒன்றைப் பகலில் மட்டும் பிடிக்கச் சொன்ன சட்டம் அது. 2002 சமாதான காலத்தில் கொஞ்சம் தளர்ந்தது. 2006 ஓகஸ்ட்டில் ஏ9 வீதி மூடப்பட்டதோடு மறுபடியும் இறுகியது. பிடித்தாலும் கொழும்புக்கு அனுப்ப வழி இல்லை.

'போர்க்காலத்தில் பிடிக்காததால் கடலில் மீன் பெருகியிருக்கும்தானே' என்று ஒரு பேச்சு உண்டு. நீண்டகாலம் வாழும் மீன்களுக்கு அது ஓரளவு பொருந்தலாம். இறாலுக்குப் பொருந்தாது. ஒரு வருட ஆயுள் உள்ள உயிரை இந்த ஐப்பசியில் பிடிக்காமல் விட்டால் அடுத்த ஐப்பசிக்கு அது இருக்காது. வங்கியில் போட்ட காசு போல அது சேர்ந்து கிடக்கவில்லை. வயலில் அறுக்காமல் விட்ட நெல் போல உதிர்ந்து போனது. ஏறக்குறைய இருபது மாரிகள் அப்படிப் போயின. அந்த இழப்புக்கு எந்த மதிப்பீட்டிலும் ஒரு நிரல் ஒதுக்கப்பட்டதாக நான் காணவில்லை. எரிந்த படகுக்கும் உடைந்த இயந்திரத்துக்கும் விண்ணப்பப் படிவம் இருந்தது. நடந்து போன இறாலுக்கு இருக்கவில்லை.

இப்போது இரவுக்குத் தடை இல்லை. ஆனாலும் பிடிபாடு பழையபடி இல்லை என்று நீரேரிக் கரையில் பலரும் சொல்கிறார்கள். காரணத்தைத் தேடும்போது எல்லோரும் கையைக் கடலுக்கு வெளியே, இந்திய றோலர்கள் பக்கம் நீட்டுகிறார்கள். அதில் நியாயம் உண்டு. நீரேரியை விட்டுக் கிளம்புகிற இறாலில் வலைக்குத் தப்பியதுதான் அடுத்த தலைமுறையின் தாய். அது பாக்கு நீரிணையின் அடிக்குப் போய்ச் சேர்கிற நேரத்தில், அடியைச் சுரண்டிக்கொண்டு இழுவைமடி வருகிறது. தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை இருக்கிறது. அந்தத் தடை எங்கள் இறால் கடலுக்கு இறங்குகிற மாரியைத் தொடுவதே இல்லை. 1960களில் வெளிநாட்டுச் சந்தையில் இறாலுக்கு விலை ஏறியபோது இந்தியக் கரைகளில் பெருகிய தொழில்முறை அது. இறாலைத் தேடி வந்தது, இறாலின் வீட்டையே பெயர்த்துவிட்டது.

அதே நேரம் குருநகரிலும் இழுவைமடிப் படகுகள் இருந்தன, இருக்கின்றன. 2017 ஜூலையில் நாடாளுமன்றம் இழுவைமடியைத் தடைசெய்து நிறைவேற்றிய சட்டம் எல்லோருக்கும் பொதுவானது. 2006இலேயே தடைசெய்யப்பட்ட தங்கூசி வலை இன்னும் கரைகளில் காய்கிறது. சிறகுவலையின் கண் வருடத்துக்கு வருடம் சிறுத்துக்கொண்டே போகிறது. பாடுகளுக்கு இடையே விடவேண்டிய இடைவெளியும் குறைகிறது. பக்கத்துக்குப் பக்கம் சிறகு கட்டினால் முதல் சிறகைத் தாண்டிய இறால் இரண்டாவதில் விழும், இரண்டாவதைத் தாண்டியது மூன்றாவதில் விழும். வெளியே போய்த் தாயாவதற்கு எது மிஞ்சும்? றோலர்காரரிடம் கேட்கிற கேள்வியை நாங்கள் எங்களிடமும் கேட்க வேண்டியிருக்கிறது.

ஆனால் இவை எல்லாவற்றையும்விடக் குறைவாகப் பேசப்படுவது வாசல் பற்றிய விடயம். இறாலுக்கு உள்ளே வர ஒரு வழி வேண்டும், வெளியே போக ஒரு வழி வேண்டும். கடந்த நூற்றாண்டு முழுவதும் நாங்கள் அந்த வழிகளை ஒடுக்கிக்கொண்டே வந்திருக்கிறோம். ஆனையிறவில் வீதிக்கும் புகையிரதத்துக்கும் போட்ட அணை, மேற்கு நீரேரியைச் சுண்டிக்குளப் பக்கத்திலிருந்து பிரித்துவிட்டது. கனகராயன் ஆறு கொண்டுவருகிற வன்னியின் நன்னீர் அணைக்குக் கிழக்கேயே நின்றுவிடுகிறது. பண்ணை, வேலணை, புங்குடுதீவுப் பாதைகள் எல்லாம் கடலுக்குள் கல்லும் மண்ணும் கொட்டி எழுப்பியவை. நடுவில் பாலம் இருக்கும், ஆனால் ஓட்டம் முழுவதும் அந்தச் சிறு கண்களால் மட்டுமே போக வேண்டும். 2011 தையில் திறக்கப்பட்ட சங்குப்பிட்டிப் பாலத்துக்குப் போகும் வழியும் பெரும்பகுதி கடலுக்குள் போட்ட அணைதான். தீவுகளுக்கு வீதி வேண்டாம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகப் படகுக்குக் காத்திருந்தவர்களுக்கு அந்த வீதியின் அருமை தெரியும். ஆனால் மதகின் எண்ணிக்கையைத் தீர்மானிக்கும் இடத்தில் கடற்றொழிலாளர் யாரும் இருந்ததில்லை.

அண்மைக்காலத்தில் இதில் கடலட்டைப் பண்ணைகள் சேர்ந்திருக்கின்றன. 2021இல் கௌதாரிமுனையில் சீன நிறுவனமொன்றின் பண்ணை பற்றி எழுந்த எதிர்ப்பு செய்தியானது. அதன் பின்னர் உள்ளூர்க்காரரின் பண்ணைகளும் பெருகியுள்ளன. அட்டை வளர்ப்பு கெட்ட தொழில் அல்ல. பலருக்கு வருமானம் தருகிறது. பிரச்சினை இடம். அட்டைக்கு ஏற்ற அலை குறைந்த, சாதாளை நிறைந்த ஆழம் குறைந்த நீர்தான் இறால் குஞ்சுக்கும் வீடு. அதுவே சிறகுவலையின் பாடும். அங்கே வலை வேலி போட்டால் ஓட்டம் தளர்கிறது, நடக்கிற இறால் சுற்றிப் போகிறது. பழைய பாடு வெறும் தடிகளாகிறது.

தொண்டைமானாற்றில் வாசல் நேரடியாகவே ஒரு கதவு. 1950களில் அங்கே தடுப்பணை கட்டப்பட்டது. உப்பாற்றுக்கு அரியாலையில் இன்னொன்று. நோக்கம் நல்லது: மாரி மழையை நீரேரிக்குள் தேக்கி, உவர்நீரை மெல்ல மெல்ல வெளியேற்றி, வல்லை வெளியை ஒட்டிய நிலங்களையும் கிணறுகளையும் நன்னீராக்குவது. நீர்ப்பாசனப் பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் 1954இல் முன்வைத்த 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' என்ற திட்டம் இதைவிடப் பெரியது. ஆனையிறவு நீரேரியை நன்னீராக்கி, முள்ளியான் வாய்க்கால் வழியாக வடமராட்சி நீரேரிக்குக் கொண்டுவருவது அதன் சாரம். அது முழுமை பெறவில்லை. போர்க்காலத்தில் அணைக் கதவுகள் பராமரிப்பில்லாமல் துருப்பிடித்து, கடல்நீர் நினைத்தபடி வந்து போனது. பின்னர் புனரமைத்தார்கள்.

விவசாயிக்குக் கதவு மூடியிருக்க வேண்டும். மாரித் தண்ணீர் ஒரு துளியும் வீணாகக் கடலுக்குப் போகக்கூடாது. கடற்றொழிலாளிக்குக் கதவு திறக்க வேண்டும். வெள்ளம் ஊருக்குள் வந்தால் இருவருக்குமே திறக்க வேண்டும். ஆனால் அப்போது ஒரே வீச்சில் திறந்தால், மேலே சொன்னபடி, எல்லாம் ஓர் இரவில் கடலுக்குப் போய்விடும். கதவின் கீழ்ப்பக்கம் வலையோடு நிற்பவர்களுக்கு அன்று பெருநாள். நீரேரியின் உள்ளே, அணையிலிருந்து பல கிலோமீற்றர் தள்ளி இருப்பவர்களுக்கு அந்த ஆண்டு முடிந்துபோனது. உண்மையில் இவர்கள் இரண்டு வகை மனிதர்களும் அல்லர். ஒரே வீட்டில் ஒருவர் தோட்டம் செய்வார், இன்னொருவர் வீச்சுவலை எறிவார். கிணறு உவர்த்தால் இரண்டு பேருக்கும்தான் குடிக்கத் தண்ணீர் இல்லை.

இதில் ஐப்பசிக் கதவைப் பற்றி எல்லோரும் சண்டை பிடிக்கிறார்கள். வெள்ளமும் இறாலும் கண்ணுக்குத் தெரிவதால் அது இயல்பு. கண்ணுக்குத் தெரியாதது உள்ளே வருகிற குஞ்சு. மழை ஓய்ந்த பிறகு, தேக்கிய நன்னீரைக் காப்பதற்காகக் கதவு மூடியிருக்கும் மாதங்களில், அணையின் கடற்புறத்தில் பெருக்கோடு வருகிற துரும்பளவு இறால் குஞ்சுகள் இரும்பில் முட்டித் திரும்பிவிடுகின்றன. அல்லது அங்கேயே மீனுக்கு இரையாகின்றன. அந்த வருடம் ஐப்பசியில் எவ்வளவு நல்ல மழை பெய்தாலும் நடப்பதற்கு இறால் உள்ளே இருக்காது. பிறகு 'மழை பிழைத்துவிட்டது' என்போம். மழை பிழைக்கவில்லை, மாதங்களுக்கு முன்பே வாசல் அடைபட்டிருந்தது.

இதற்குப் பெரிய பொறியியல் தேவையில்லை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பெருக்கு நாட்களில் இரவில் சில மணி நேரம் ஒரு கதவை ஓரளவு உயர்த்தினால் குஞ்சு நுழைய இடம் கிடைக்கும். அந்த நேரத்தில் நுழையும் உவர்நீரின் அளவைக் கிணறுகளில் அளந்து பார்க்கலாம். கூடினால் நிறுத்தலாம். இலங்கையின் மற்றக் களப்புகளில் முகத்துவாரத்தை எப்போது வெட்டுவது என்று விவசாயிகளும் கடற்றொழிலாளரும் அதிகாரிகளும் கூடிப் பேசுவது வழக்கம். சண்டையோடுதான் பேசுகிறார்கள், ஆனால் பேசுகிறார்கள். தொண்டைமானாற்றுக்கும் அரியாலைக்கும் அப்படி ஒரு நாட்காட்டி, சந்திரனின் திதியோடு எழுதி, சங்கங்களின் பலகையில் ஒட்டும்படி இருந்தால், வடமராட்சியிலும் தென்மராட்சியிலும் யாருக்கும் பாதகம் வராது.

இந்த மாரிக்குத் தொழிலுக்கு இறங்குபவர்களுக்குச் சில நடைமுறை விடயங்கள். வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் உருவாகிறது என்று வளிமண்டலவியல் திணைக்களம் சொன்னால், 'இது வெளிக்கடலுக்குத்தான், நீரேரிக்கு இல்லை' என்று நினைக்கக்கூடாது. 1964 மார்கழிப் புயலில் தனுஷ்கோடி அழிந்த இரவில் எங்கள் பக்கமும் தப்பவில்லை. தட்டையான நீரில் தடியோடு நிற்கும் மனிதன்தான் அந்த வெளியில் மிக உயரமான பொருள், இடி மின்னலுக்கு அதுவே போதும். பெருமழைக்கு இரண்டு மூன்று நாள் கழித்து நீர் கறுத்து மணத்தால், அடியில் அழுகல் சேர்ந்து பிராணவாயு குறைந்திருக்கிறது என்று பொருள். அப்போது மிதக்கிற மீனை விற்பனைக்கு எடுக்கக்கூடாது. நகரத்து வாய்க்கால்கள் வந்து விழும் இடங்களில் முதல் மழைக்குப் பிறகு சில நாள் வலை போடாமல் விடுவது நல்லது. வருடம் முழுவதும் சேர்ந்த எண்ணெயும் அழுக்கும் அந்த முதல் வெள்ளத்தோடுதான் இறங்குகிறது.

விலை பற்றியும் ஒரு வார்த்தை. நல்ல இருட்டு வாரத்தில் எல்லாக் கரையிலும் ஒரே நேரத்தில் இறால் இறங்குவதால் கூறலில் விலை விழுந்துவிடும். வாங்குபவரிடம் ஐஸ் இருக்கிறது, விற்பவரிடம் இல்லை. விடிந்து சில மணி நேரத்துக்குள் விற்றாக வேண்டும் என்பதே பேரத்தில் அவருடைய பலவீனம். சங்கத்துக்கென ஒரு சிறு குளிர்க்களஞ்சியம் இருந்தால் அந்த நேரத்தை இரண்டு நாளாக நீட்டலாம். வெளிநாடுகளில் இருந்து ஊருக்கு உதவ நினைப்பவர்கள் கோயில் வளைவுக்கும் விளையாட்டுக் கழக மண்டபத்துக்கும் அனுப்புவதில் ஒரு பங்கை இதற்கு அனுப்பலாம். நாவாந்துறையிலோ கச்சாயிலோ ஓர் ஐஸ் பெட்டி கார்த்திகை இருட்டில் என்ன செய்யும் என்பதை அந்த மாதக் கூறல் கணக்கே காட்டிவிடும்.